ஆணியில் இல்லாத கண்ணாடி

என் பட்டறைச் சுவரில் மூன்று ஆணிகள் இருக்கின்றன. ஒன்றில் பாதுகாப்புக் கண்ணாடி, ஒன்றில் தோல் கையுறை, ஒன்றில் காது மூடி. மூன்றையும் வாங்கித் தந்தவள் என் மகள், கொழும்பில் வேலை கிடைத்துத் தன் முதல் சம்பளத்தில். இன்று நான் மரமும் இரும்பும் வெட்டும் கிரைண்டரின் சுவிட்சில் கை வைப்பதற்கு முன்னால் சாரனைக் களைந்து காற்சட்டை போடுகிறேன். மூடிய சப்பாத்துப் போடுகிறேன். கண்ணாடியை மாட்டிக் காதையும் மூடுகிறேன். பழைய பலகை என்றால் மேலே காந்தத்தைத் தடவி, உள்ளே ஆணி ஒளிந்திருக்கிறதா என்றும் பார்க்கிறேன். பார்ப்பவர்களுக்கு, அடடா, எவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று தோன்றும். இந்த ஒழுங்குக்கு வந்து சேர என் வலக் கண்ணின் ஒரு பகுதியும் என் மகளின் மூன்று மாத நித்திரையும் போக வேண்டியிருந்தது. கண்ணைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. மற்றதைத்தான் எழுத வேண்டும்.

நான் விஞ்ஞான ஆசிரியர். இருபத்தாறு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்கு ஆய்வுகூடப் பாதுகாப்பு படிப்பிக்கிறேன். கண்ணாடி அணிய வேண்டும், தளர்ந்த உடை ஆகாது, கண்ணில் ஏதும் விழுந்தால் கசக்கக் கூடாது என்று கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் போடுவேன். பரீட்சையில் ஒரு பிள்ளை இதில் ஒன்றை விட்டுவிட்டால் இரக்கமில்லாமல் புள்ளி வெட்டுவேன். அப்படிப்பட்ட நான் பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், வெட்கக்கேடு, சாரனை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடும் வெறுங்கண்ணோடும் கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவேன். சுழலும் தகட்டைச் சுற்றி ஓர் இரும்புக் கவசம் வரும் அல்லவா, அதை வேலைக்குத் தடை என்று சொல்லி, வாங்கிய முதல் கிழமையிலேயே கழற்றிவிட்டேன். அது பால்மா டின் ஒன்றுக்குள் பழைய திருகாணிகளோடு மிகவும் பாதுகாப்பாக இருந்தது.

பட்டறை என்று நான்தான் சொல்கிறேன். என் மனைவி அதைக் கொட்டில் என்பாள், கோபம் வந்தால் குப்பைக் கொட்டில் என்பாள். அதைச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, வீடும் அதைச் சுற்றியுள்ள வளவும் அவளுடையது. எங்கள் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும், வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். நிந்தவூரில் இருந்து கல்முனைக்கு நான் மாப்பிள்ளையாக வந்தபோது ஒரு பெட்டி உடுப்பும், பெட்டிக்குள் ஒரு குறடும் கொண்டு வந்தேன். மாமனார் குறட்டைப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த வளவில் எனக்கென்று இருப்பது அந்தக் குறடும், அதைச் சுற்றி வளர்ந்த கொட்டிலும்தான்.

எங்களுக்கு ஒரே மகள். எனவே அவளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். அதே வளவில், எங்கள் வீட்டுக்கு வடக்கே, அத்திவாரம் போட்டு ஐந்து வருடமாக மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டிருந்த வீட்டுக்குக் கூரை ஏறியதும் கலியாணமும் பேசி முடிந்தது. அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. மகள் வீட்டு வாசல் கதவை நானே என் கையால் செய்வேன் என்று சபையில் வாயை விட்டேன். நற்பிட்டிமுனையில் நல்ல ஓடாவி ஒருவர் இருந்தார், தச்சு வேலையில் கை சுத்தமான மனிதர். அவரே வந்து, "மாஸ்டர், யன்னலெல்லாம் நான்தானே செய்யிறன், கதவையும் சேர்த்துச் செஞ்சிடட்டா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றேன். உடைத்த பழைய வீடொன்றில் இருந்து முதிரைப் பலகை எடுத்து வந்தேன். பலகை அருமையானது. உள்ளே மட்டும் ஆணி, ஆணி, ஆணி.

மகள் அதற்கு முந்திய விடுமுறையில்தான் அந்த மூன்று சாமானையும் கொண்டு வந்திருந்தாள். ஆணிகளை அவளே அடித்து, ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு, என்னைக் கண்ணாடி போடச் சொல்லித் தன் போனில் படமும் எடுத்தாள். படத்தில் நான் நீச்சலுக்குப் போகும் ஆந்தையைப் போல இருந்தேன். கொழும்புக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் எடுத்தாள். சலாம் சொல்லி முடிந்ததும் முதல் கேள்வி அதுதான்.

"வாப்பா, கண்ணாடி போடுறீங்களா?"

"ஓம் மகள், போடுறன்."

"உண்மையாவா?"

"ஓம் எண்டா ஓம்தானே."

இப்படி எத்தனை ஓம் சொல்லியிருப்பேனோ தெரியாது. சொல்லும்போதெல்லாம், நாளைக்குப் போடத்தான் போகிறேன், ஆகவே இது பொய்யல்ல என்று நினைத்துக்கொள்வேன்.

நோன்பு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த மாதம் மகள் வாங்கித் தந்த சாமான்களில் ஒன்றுகூட வீணாகவில்லை. ஊரே பயன்படுத்தியது, என்னைத் தவிர. தலைநோன்பு அன்றே பள்ளிவாசல் மரைக்காயர், எங்கள் குடிக்குத் தலைவர், பின்னேர அசர் தொழுதுவிட்டு வாசலில் என்னைப் பிடித்தார்.

"மாஸ்டர், கஞ்சிக் கிடாரத்த இறக்கக்குள்ள காய்ச்சிற ஆளுட கை வெந்து போகிது. உங்களிட்டத் தோல் கையுறை இரிக்காமே. நோன்பு முடியும் வரைக்கும் தாங்களன், நன்ம கிடைக்கும்."

நோன்பு மாதத்து நன்மையை எவன் விடுவான்? கொடுத்தேன். கண்ணாடியை மச்சான் கொண்டு போனார். என் மனைவியின் தம்பி, வயல் செய்கிறவர். பெரும்போக நெல் வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். வெட்டு மெஷின் கிளப்பும் தூசி ஒரு பக்கம், பொழுதுபட மோட்டார் சைக்கிளில் வரும்போது முகத்தில் வந்து அடிக்கும் பூச்சி ஒரு பக்கம். "மச்சான், ரெண்டு நாளைக்கு" என்று கேட்டு எடுத்தார். அவருடைய ரெண்டு நாளுக்கு நீளம் அதிகம் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். காது மூடியோ வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அதை என் மனைவி எடுத்துக்கொண்டாள். நான் மெஷினைப் போட்டால் அவள் அதை மாட்டிக்கொண்டு நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நிம்மதியாகக் கண்ணயர்வாள். பின்னேரம் குசினியில் பொரிக்கும்போதும் கழற்ற மாட்டாள்.

ஆனால் அவள் சொல்லாமல் இருந்தவள் அல்ல. ஒரு நாள் கொட்டில் வாசலில் நின்று, நான் அல்லாவின் பெயரால் பிஸ்மி சொல்லிக் கிரைண்டரைத் தூக்குவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, பிஸ்மி சொன்னாப் போதுமா? கண்ணாடியப் போட்டுட்டுப் பிஸ்மி சொல்லுங்களன்."

"கண்ணாடி உன்ட தம்பிட்ட."

"அப்ப வாங்கி எடுங்க."

"நோன்பு நேரத்தில கொடுத்ததத் திருப்பிக் கேக்கிறதா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். போகும்போது காது மூடியை மாட்டிக்கொண்டே போனாள்.

நோன்பு பிடித்தவர்களுக்குத் தெரியும், பின்னேரத்து அசருக்கும் பொழுதுபடும் மஹ்ரிபுக்கும் இடையிலுள்ள அந்த நேரம் நகராது. புத்தியுள்ளவர்கள் குர்ஆன் ஓதுவார்கள், கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்குவார்கள், அல்லது சத்தமில்லாமல் படுப்பார்கள். நான் நேரம் போக்கக் கிரைண்டரை எடுப்பேன். நாக்கு ஒட்டி, கை நடுங்கி, தலைக்குள் ஈ பறப்பதுபோல இருக்கும் ஒரு மனிதன், நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுற்றும் ஒரு தகட்டைக் கையில் பிடித்துப் நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும்வரை காத்திருக்கிறான். இதை நான் என் வகுப்பில் கேள்வியாகப் போட்டு, "இங்குள்ள தவறுகளை எழுதுக" என்றால், பிள்ளைகளுக்கு எழுத ஒரு பக்கம் போதாது.

அன்றைக்குக் கதவின் கடைசிப் பலகை. ஒரு வெட்டுத்தான் மிச்சம். குசினியில் இருந்து சமோசா பொரிக்கும் வாசம் வந்தது. பாங்குக்கு இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும். இந்த ஒரு வெட்டு, அவ்வளவுதான் என்று தகட்டைப் பலகையில் வைத்தேன். உள்ளே ஆணி. கிறீச் என்று ஒரு சத்தம், ஒரு பொறி, வலக் கண்ணுக்குள் நெருப்புக்குச்சி உரசியதுபோல ஒரு சூடு. துள்ளி எழும்பினேன். எழும்பிய வேகத்தில் சாரன் அவிழ்ந்தது. ஒரு கை ஓடுகிற கிரைண்டருக்கு, ஒரு கை சாரனுக்கு, கண்ணைப் பொத்தக் கை இல்லை. "அல்லாவே!" என்று கத்தினேன். யாரும் வரவில்லை. என் காது மூடி மனைவியின் காதில் இருந்தது.

ஒருவழியாக மெஷினை நிறுத்தி, சாரனை உடுத்தி, அதன் பிறகு நான் செய்த முதல் காரியம், சாரன் தலைப்பால் கண்ணை நன்றாகக் கசக்கியதுதான். இருபத்தாறு வருடம் கோடு போட்டுப் படிப்பித்த மனிதன்.

மனைவி கண்டதும் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். இரும்பு அசையவில்லை. "வாங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள்.

"போனாக் கண்ணுக்குள்ள மருந்து விடுவாங்க. நோன்பு."

"கண்ணுக்கு மருந்து விட்டா நோன்பு முறியாதெண்டு மௌலவி போன வெள்ளிதானே சொன்னாரு. நீங்க முன் வரிசையில இருந்து கேட்ட."

"அதில கருத்து வேறுபாடு இரிக்கி புள்ள."

கருத்து வேறுபாடு இருந்தது உண்மைதான், எனக்கும் ஊசிக்கும் இடையில். கண்ணில் ஊசியைக் கொண்டு வருவார்கள் என்ற பயத்துக்கு நான் மார்க்கத்தைப் போர்த்திக்கொண்டேன். அரை மணித்தியாலம் கண்ணைப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தேன். பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மிடறு தண்ணீர். கஞ்சி குடிக்க முடியவில்லை. சரியாக அந்த நேரம் மச்சான் நோன்பு திறக்க எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். நெற்றியில் என் கண்ணாடி. அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறித்தான் வைத்தியசாலைக்குப் போனேன். அவர் பூச்சி படாமல் இருக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். பின்னால் இருந்த நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு போனேன்.

அன்று கடமையில் இருந்த கண் வைத்தியர் பக்கத்து ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்த பிள்ளை. ஒரு காலத்தில் என் பின்னேர வகுப்பில் முன் வரிசையில் இருந்து படித்தவள். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"சேர்! என்ன சேர் நடந்த?"

சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அதையும் சொன்னேன். மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"ஏன் சேர் உடனே வரல்ல? இரும்பு சேர். நேரம் போகப் போகத் துருவும் சேர்ந்து உள்ளுக்க இறங்கும்." கருவியில் நாடியை ஊன்றி முகத்தை வைக்கச் சொல்லிக் கண்ணை விரித்துப் பார்த்தாள். "கசக்கினீங்களா?"

"இல்லயே" என்றேன்.

"கண்ணாடி போட்டிருந்தீங்கதானே, சேர்?"

அந்தக் குரலில் சந்தேகமே இல்லை. இந்த மனிதர் போடாமல் இருப்பாரா என்ற நம்பிக்கைதான் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்தவள் அவள்.

"ஓம். போட்டிருந்தன்."

அவள் நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்த்தாள். எனக்குப் பின்னால் மச்சான், நெற்றியில் கண்ணாடியோடு, கண்ணாடியில் இரண்டு மூன்று செத்த பூச்சிகளோடு, மிகவும் கவலையாக நின்றுகொண்டிருந்தார். அவள், "ஆ" என்றாள். நோன்பு திறந்த பிறகுதான் பொய் சொன்னேன் என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்க விரும்புகிறேன்.

மரத்துப்போகச் செய்யும் துளி விட்டு, ஊசி முனையால் இரும்பை எடுத்தாள். நான் பயந்த ஊசி வலிக்கவே இல்லை. ஆனால் தழும்பு விழும், பார்வையில் ஒரு மங்கல் நிற்கலாம், நேரத்தோடு வந்திருந்தால் குறைந்திருக்கும் என்றாள். கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோதே மச்சானின் போன் அடித்தது. கொழும்பில் இருந்து மகள். அவளுடைய உம்மா சொல்லியிருக்கிறாள்.

"வாப்பா, எப்பிடி இரிக்கி? கண்ணாடி போட்டிருந்தீங்கதானே?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வைத்தியர் பக்கத்தில் நிற்கிறாள். அதோடு, இந்த ஓம் பொய்யென்றால் இத்தனை வெள்ளிக்கிழமையும் சொன்ன ஓம் எல்லாம் பொய்யாகிவிடுமே.

"ஓம் மகள், போட்டிருந்தன்."

"மறுகா எப்பிடிக் கண்ணில பட்ட?"

"பக்கத்தால பூந்துட்டு."

போனில் அவள் அழுகிற சத்தம் கேட்டது.

"என்ட பிழைதான் வாப்பா. பக்கமும் மூடின ஒண்டு கடையில இருந்த. மூணு சாமானும் வாங்கணுமெண்டு நான்தான் மலிவானத எடுத்த. நான்தான்."

"சீ, அதுக்கென்ன மகள். அல்லாட நாட்டம்" என்றேன். என் மடத்தனத்துக்கு அவ்வளவு பெரிய பெயரை வைத்துவிட்டுப் போனை மச்சானிடம் கொடுத்தேன். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியை நெற்றியில் இருந்து கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் புள்ள தான் வாங்கின கண்ணாடியாலதான் வாப்பாட கண் போனதெண்டு நினைச்சிட்டு இரிக்கிது. நீங்க கட்டின பொய், நீங்களே அவிழுங்க. அவள் என்னட்டக் கேட்டா நான் மறைக்க மாட்டன்."

மகள் கேட்கவில்லை. கேட்பதற்கு அவளுக்குச் சந்தேகம் வர வேண்டுமே. வாப்பா ஓம் என்றால் ஓம் என்று நம்புகிற பிள்ளை.

பெருநாளுக்கு வந்தாள். அதுவரைக்கும் என்னோடு மல்லுக்கு நிற்கிறவள், என் முடி நரைத்ததில் இருந்து என் குறட்டை வரை பகிடி பண்ணுகிறவள், அந்த முறை நோயாளியோடு கதைப்பதுபோல மெல்லக் கதைத்தாள். சாப்பிடும்போது என் இடப் பக்கத்தில் வந்து இருந்தாள், நல்ல கண்ணுக்குத் தெரியட்டும் என்று. பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தையும் சாப்பாட்டுக் கோப்பையின் இடப் பக்கத்தில் வைத்தாள். பக்கம் முழுக்க மூடிய புதுக் கண்ணாடி ஒன்று கொண்டு வந்திருந்தாள். அதை என் கையில் தரவில்லை, தானே போய் ஆணியில் மாட்டிவிட்டு வந்தாள். சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். "வட்டிலப்பத்துக்கு ஏலம் கொஞ்சம் கூடிட்டு" என்றேன்.

அவள் திரும்பிப் போன பிறகு மனைவிதான் சொன்னாள், அங்கே பிள்ளைக்கு நித்திரை இல்லையாம். கண்ணை மூடினால் வாப்பாவின் கண்தான் வருகிறதாம். கலியாணத்துக்கு நாள் குறித்த பெண், உடுப்பும் நகையும் பார்க்க வேண்டிய வயதில், அறையில் இருந்து கண் தழும்புக்கு என்ன வைத்தியம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தாளாம். அன்றே போன் எடுத்தேன். அவள், "வாப்பா, புதுக் கண்ணாடி போடுறீங்களா?" என்றாள். "ஓம்" என்றேன். அந்த ஓம் உண்மைதான், நான் பயந்து போயிருந்தேன். ஆனால் அடுத்த வார்த்தை வரவில்லை. வைத்துவிட்டேன். அந்தப் பயமும் ஒரு மாதம்தான் இருந்தது. வியர்த்துக் கண்ணாடியில் பனி பிடிக்கிறது என்று சொல்லி, அதையும் ஆணியில் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்ட வெள்ளிக்கிழமைகளிலும் ஓம் என்றுதான் சொன்னேன். மனிதன் திருந்துவது அவ்வளவு லேசான காரியமா?

கதவு முடிந்தது. மாட்டியதும் கீழே நிலத்தில் உரசி, திறக்கும்போது ஆடு கத்துவதுபோலக் கத்தியது. ஓடாவி வந்து கதவைத் தாங்கும் பிணைச்சலைக் கழற்றி, அடியைச் சீவி, ஒரு மணித்தியாலத்தில் சரிசெய்துவிட்டு, "நல்ல முதிரை மாஸ்டர்" என்று பலகையை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போனார்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ். பந்தலில் மாப்பிள்ளையும் மௌலவியும் பதிவுகாரரும் ஊராரும் இருந்தார்கள். பெண்ணின் வாப்பா இரண்டு சாட்சிகளோடு உள்ளே போய்ப் பெண்ணிடம் சம்மதம் கேட்டு வர வேண்டும், அதுதான் முறை. சாட்சிகள் யார் யார் என்று மனைவி முன்பே முடிவு செய்திருந்தாள். ஒருவர் மச்சான். மற்றவர் மரைக்காயர். அந்தத் தெரிவில் ஏதும் நோக்கம் இருந்ததா என்று நான் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை, கேட்கத் தைரியமும் இல்லை.

புது வீட்டின் அறைக்குள் மகள் இருந்தாள். பக்கத்தில் மனைவி. அவ்வளவு அழகாக ஒரு பிள்ளை எனக்கு எப்படிப் பிறந்தது என்று நினைத்தேன். தொண்டையைச் செருமி, மனப்பாடம் செய்து வைத்திருந்ததைத் தொடங்கினேன். இன்னாருடைய மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹர்ப் பணத்துக்கு, உன்னை நிக்காஹ் செய்து தரச் சம்மதமா, மகள்?

அவள் என் நல்ல கண் இருக்கும் இடப் பக்கத்துக்கு நகர்ந்து இருந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா, நான் செஞ்ச எல்லாப் பிழையையும் பொறுத்துக்கங்க. அந்தக் கண்ணாடியையும் பொறுத்துக்கங்க."

மச்சான் இருமினார். மரைக்காயர் முகட்டைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள்.

"மகள்" என்றேன். "அண்டைக்கு நான் கண்ணாடி போடல்ல."

"என்ன வாப்பா?"

"கண்ணாடி என்னட்ட இருக்கவே இல்ல. மாமாட்ட இருந்த. அத நான் ஒரு நாளும் போடல்ல, நீ படம் எடுத்த அண்டைக்கு மட்டும்தான். நீ கேட்டதுக்கெல்லாம் நான் பொய்தான் சொன்ன. உன்ட கண்ணாடியில ஒரு பிழையும் இல்ல மகள்."

"ஓம் மகள்" என்றார் மச்சான், தலையைக் குனிந்துகொண்டு. "என்னட்டத்தான் இருந்த. பூச்சிக்கு."

மரைக்காயர் தானும் ஏதோ சொல்ல வேண்டும்போலிருக்கிறது என்று நினைத்தார். "கையுறையும் பள்ளியிலதான் புள்ள இரிக்கி. நாளைக்குத் தந்திடுறன்."

மகள் சிரிக்கவில்லை. என் கையை விட்டாள். கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியது.

"மூணு மாசம் வாப்பா. மூணு மாசம் நான் நித்திர கொள்ளல்ல. உங்கட கண்ணக் கெடுத்த ஆள் நான்தானெண்டு நினைச்சிட்டு இருந்தன். பக்கத்தில இருந்து வட்டிலப்பம் தின்னக்குள்ளயும் நீங்க சொல்லல்லயே!"

அந்த வட்டிலப்பத்தின் ஏலம் பற்றிச் சொன்ன வாய் என்னுடையதுதான். அழுகிற அவளை அணைக்கலாமா, அணைக்க எனக்குத் தகுதி உண்டா என்றும் தெரியவில்லை. வெளியே ஒலிபெருக்கியில் மௌலவி, சாட்சிகள் சுணங்காமல் வரவும் என்றார். மனைவி அசையவில்லை. மரைக்காயர் மெதுவாக, "புள்ள, சபை காத்திட்டு இரிக்கி, சம்மதத்தச் சொல்லு" என்றார்.

"சொல்ல மாட்டன்" என்றாள் மகள். "வாப்பா முதல்ல சொல்லட்டும்."

"நான் என்னத்தச் சொல்ல?"

"இனிமேல் மெஷினப் போட முன்னம் கண்ணாடி போடுவீங்களா?"

"ஓம்" என்றேன்.

"இந்த ஓம் நான் நிறையக் கேட்டிட்டன். சாட்சி ரெண்டு பேர் நிக்கிறாங்க. அவங்களுக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லுங்க. சாரனோட வேல செய்ய மாட்டீங்க?"

"மாட்டன்."

"அந்த இரும்பு மூடியத் திருப்பிப் பூட்டுவீங்க?"

"பூட்டுறன்."

"நோன்போட அந்தக் கொட்டிலுக்குள்ள போக மாட்டீங்க?"

"போக மாட்டன் மகள்."

"என்னட்ட இனிப் பொய் சொல்ல மாட்டீங்க?"

"ஓம்! சொல்ல மாட்டன்!" என்றேன். அது கத்தலாகத்தான் வந்தது. யன்னலுக்கு வெளியே பந்தலில் ஒரு சலசலப்பு எழுந்தது. பெண் இவ்வளவு சத்தமாகச் சம்மதம் சொல்கிறாளே, அதுவும் இவ்வளவு தடித்த குரலில், என்று மாப்பிள்ளை பயந்துபோனாராம். பிறகு அவரே சொன்னார்.

மகள் சாட்சிகள் இருவரையும் பார்த்தாள். "கேட்டீங்கதானே?" என்றாள். மச்சானும் மரைக்காயரும் பள்ளிப் பிள்ளைகளைப் போலத் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அவள் கண்ணைத் துடைத்து, முக்காட்டைச் சரிசெய்து, மீண்டும் என் கையைப் பிடித்தாள். பிடித்து, என் இடப் பக்கத்தில் இருந்து எழுந்து வந்து, எனக்கு நேர் முன்னால் நின்றாள்.

"ஓம் வாப்பா" என்றாள். "எனக்குச் சம்மதம்."

என் வலக் கண்ணுக்கு அவள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. இடக் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதற்கும் தெரியவில்லை.